கட்டபொம்மன் வசனமும் பாப்பாரப்பட்டி சிவாவும்



போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நடந்த சண்டையைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பதிவு எதற்கு என்று தெரியும். பார்க்காதவர்களுக்கு இரண்டே வரி. டிவியில் மறுபடியும் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' போட்டார்கள். அக்கா பேரன் ஒரு யூடியூப் வீடியோவைக் குழுவில் போட்டு, "இந்த வசனமெல்லாம் டூப். கட்டபொம்மன் இப்படிப் பேசவே இல்லை" என்று எழுதினான். பெரியவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. "நாட்டுக்காக உயிர் விட்டவரைக் கேலி பண்றியா?" என்றார் ஒருவர். இரண்டு பேர் குழுவை விட்டே வெளியேறிவிட்டார்கள். கடைசியில் ஒரு மருமகள், "அத்தை, இத்தனை வருஷம் வரலாறு நடத்துனீங்க. நீங்களே சொல்லுங்க, யார் பக்கம் நியாயம்?" என்று கேட்டாள்.

வாட்ஸ்அப்பில் எழுதினால் யாரும் முழுதாகப் படிப்பதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். நீளமாக இருக்கிறது என்று யாரும் முனகக் கூடாது. என்னிடம் படித்தவர்கள் எல்லாம் ஐந்து மார்க் கேள்விக்கு மூன்று பக்கம் எழுதியவர்கள்தான்.

முதலில் பையன் சொன்னது. அந்த வசனம் சக்தி கிருஷ்ணசாமி எழுதியது என்பதில் எந்த மறைவும் கிடையாது. படத்தின் டைட்டிலிலேயே அவர் பெயர் வருகிறது. படம் வந்தது 1959இல். அதற்கு முன் அது நாடகமாக 1957இல் சேலத்தில் முதன்முதலாக மேடையேறியது. அப்போது நம் தருமபுரியும் சேலம் ஜில்லாவில்தான் இருந்தது. 1965இல்தான் நாம் தனி மாவட்டம் ஆனோம். ஆகவே ஊர்ப் பெருமையாகவும் ஒரு பங்கு நாம் எடுத்துக்கொள்ளலாம். மேடை நாடகத்துக்கு வசனம் வேண்டும், ஒருவர் எழுதினார். வீட்டில் தெலுங்கு பேசும் மரபில் வந்த ஒரு பாளையக்காரரும் ஆங்கிலேயக் கலெக்டரும் துபாஷி இல்லாமல் அடுக்குமொழித் தமிழில் மோதிக்கொண்டிருக்க முடியாது என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கே புரியும். இதைக் கண்டுபிடித்துச் சொல்ல வீடியோ தேவையில்லை.

அப்படியானால் உண்மையில் என்ன நடந்தது? அதைத்தான் அந்த வீடியோவும் சொல்லவில்லை, குழுவில் யாரும் கேட்கவும் இல்லை. எனக்கு வருத்தம் அதில்தான்.

1798இல் கட்டபொம்மன் கம்பெனிக்கு வைத்திருந்த வரி பாக்கி 3310 பகோடா. ராமநாதபுரம் கலெக்டர் ஜாக்சன் உடனே படையை அனுப்பத் துடித்தான். சென்னை அரசு சம்மதிக்கவில்லை, மைசூர்ப் பக்கம் அவர்களுக்கு வேறு கவலை இருந்தது. அதனால் ராமநாதபுரத்துக்கு வந்து பார் என்று ஓலை அனுப்பினான். கட்டபொம்மன் புறப்பட்டுப் போனார். குற்றாலத்தில் பார்க்கப் போனார், பேட்டி மறுக்கப்பட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் முயன்றார், அங்கேயும் மறுப்பு. ஊர் ஊராகக் கலெக்டர் முன்னே போக, ஒரு பாளையக்காரர் பின்னாலேயே போகிறார். கடைசியில் செப்டம்பரில் ராமநாதபுரத்தில் பேட்டி கிடைத்தது. அங்கே அவரை மூன்று மணி நேரம் நிற்க வைத்தார்கள். உட்காரச் சொல்லவில்லை. ஆபத்து என்று தெரிந்து வெளியேற முயன்றபோது கோட்டை வாசலில் கைகலப்பு. கிளார்க் என்ற ஆங்கிலேய அதிகாரி செத்தான். கட்டபொம்மன் தப்பினார். அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. படத்தைப் பார்த்துவிட்டு வருகிற யாரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. பாஞ்சாலங்குறிச்சிக்குத் திரும்பிய கட்டபொம்மன் சென்னைக்கு மனு எழுதினார். ஜாக்சன் தன்னை நடத்திய விதத்தை எழுதினார். சென்னை கவுன்சில் பிரவுன், ஓரம், காசமேஜர் என்று மூன்று பேர் கொண்ட குழுவைப் போட்டது. குழு விசாரித்து, கட்டபொம்மன் மேல் குற்றமில்லை என்றது. ஜாக்சன் பதவி இழந்தான். அவன் இடத்தில் லூஷிங்டன் வந்தான். பாக்கியிலும் பெரும்பகுதியைக் கட்டி முடித்து 1080 பகோடாதான் மீதம் வைத்திருந்தார் கட்டபொம்மன்.

யோசித்துப் பாருங்கள். வரி கட்ட மாட்டேன் என்று கர்ஜித்தவர் என்று நாம் நினைக்கிற மனிதர் பாக்கியைக் கட்டிக்கொண்டிருந்தார். அவமானத்தை விழுங்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார். மனு எழுதினார், கலெக்டரையே தூக்க வைத்தார். இத்தனையும் செய்து பார்த்த பிறகும் கம்பெனி விடவில்லை, அடுத்த ஆண்டே பானர்மன் தலைமையில் படை வந்தது. 1799 அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாற்றில் தூக்கு. பொறுமையாக எல்லா வழியும் முயன்ற ஒருவனைக் கடைசியில் கயிற்றில் ஏற்றினார்கள் என்பதில் இருக்கிற கொடுமை, முதல் நாளே சவால் விட்டவனைத் தூக்கிலிட்டார்கள் என்பதில் இல்லை. தாசில்தார் ஆபீஸ் வாசலில் ஒரு பட்டாவுக்காக மூன்று மணி நேரம் நின்று வந்த நம் பக்கத்து விவசாயிக்கு அந்த ராமநாதபுரக் காட்சி உடனே புரியும். படம் எடுத்தவர்கள் இதை விட்டார்கள். மேடைக்கு எடுபடாது என்று நினைத்திருப்பார்கள்.

ஆனாலும் குழுவை விட்டு வெளியேறிய பெரியவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். அந்தப் படத்தை நான் குறைவாக மதிப்பவள் இல்லை. கெய்ரோவில் 1960இல் நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் படவிழாவில் சிவாஜி சிறந்த நடிகர் விருது வாங்கினார் என்று என் அப்பா சொல்லும்போது அவர் குரலே மாறும். கயத்தாற்றில் கட்டபொம்மனுக்குச் சிலை வைத்தவரும் சிவாஜிதான். படம் இல்லை என்றால் திருநெல்வேலிச் சீமையில் ஒரு பாளையக்காரர் இருந்தார் என்பதே நம் பக்கம் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. வகுப்பில் நான் பாடத்தைத் தொடங்கியதே படத்தை வைத்துத்தான். யாராவது ஒரு பையனைக் கூப்பிட்டு வசனம் பேசச் சொல்வேன். (எந்த ஊர் வகுப்பிலும் அந்த வசனம் தெரிந்த ஒருவன் இருந்தான். கணக்கில் முட்டை வாங்குகிறவனாகத்தான் அநேகமாக இருப்பான்.) பேசி முடித்துக் கைதட்டல் அடங்கியதும் கேட்பேன்: "இதை அங்கே உட்கார்ந்து யார் எழுதி வைத்தார்கள்?" வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதியிலிருந்துதான் மனு, குழு, 3310 பகோடா எல்லாம் தொடங்கும். உங்களில் சிலருக்கு இது ஞாபகம் இருக்கும்.

வசனம் கற்பனையாக இருப்பதில் எனக்குக் குறை இல்லை. அறைக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று யாருக்கும் தெரியாதபோது எழுத்தாளர் நிரப்பத்தான் வேண்டும். என் குறை வேறு மூன்று இடங்களில்.

ஒன்று, பழி. எட்டப்பன் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். அது எட்டயபுரம் ஆட்சியாளர்கள் வழிவழியாகத் தாங்கிய பட்டப்பெயர். பாஞ்சாலங்குறிச்சிக்கும் எட்டயபுரத்துக்கும் எல்லைத் தகராறு ஏற்கெனவே இருந்தது. எட்டயபுரம் கம்பெனி பக்கம் நின்றது, கட்டபொம்மனைத் துரத்தியது. அதெல்லாம் உண்மை. ஆனால் அவர் பிடிபட்டது புதுக்கோட்டைச் சீமையில். பிடித்து ஒப்படைத்தவர்கள் தொண்டைமானின் ஆட்கள். ஊர் நினைவில் புதுக்கோட்டை எங்கே போயிற்று? ஒரு கதைக்கு ஒரு வில்லன் போதும் என்று ஆகிவிட்டது. ஒரு வம்சத்தின் பெயரே அகராதியில் துரோகிக்கு இன்னொரு சொல் ஆகிவிட்டது. பேச்சு வழக்கில் முன்பே இருந்திருக்கலாம், அதை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது மேடையும் திரையும்தான். பாரதியார் பிறந்த ஊர் எட்டயபுரம் என்று வகுப்பில் சொன்னால், "எட்டப்பன் ஊரா டீச்சர்?" என்று கேட்பார்கள். ஒரு பாளையம் ஏன் கம்பெனி பக்கம் போனது என்பது எவ்வளவு பெரிய கேள்வி! மற்ற பாளையங்களும் போயின. பயமா, பகையா, லாபமா? அதைக் கேட்டால்தான் ஒரு கம்பெனி எப்படி ஒரு நாட்டையே பிடித்தது என்று பிள்ளைக்குப் புரியும். எட்டப்பன் கெட்டவன் என்று முடித்துவிட்டால் கேள்வியும் அதோடு முடிந்தது.

இரண்டு, பெயரில்லாத ஜனங்கள். டிவியில் வரும் எந்தப் புரட்சித் தொடரிலும் ஜனங்கள் பின்னால் நின்று கோஷம் போடுவார்கள், அவ்வளவுதான். உண்மை அதைவிட ருசியாக இருக்கிறது. ஊமைத்துரை கதையைக் கேளுங்கள். அண்ணனைத் தூக்கிலிட்ட பிறகு பாளையங்கோட்டைச் சிறையில் இருந்தவர் 1801 பிப்ரவரியில் தப்பினார். இடித்துத் தள்ளிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை ஜனங்கள் சில நாளில் எழுப்பிக் கொடுத்தார்கள். மே மாதம் ஆங்கிலேயர் மறுபடி பிடித்தபோது அவர் காயம்பட்டுப் பிணங்களோடு கிடந்தார். பக்கத்துக் கிராமத்து அம்மா ஒருத்தி, இன்னும் இரண்டு பெண்களோடு, தன் மகனைத் தேடி அந்தப் பிணக்களத்துக்கு வருகிறாள். மகன் குற்றுயிராகக் கிடக்கிறான். தன்னை விட்டுவிட்டு, பக்கத்தில் கிடக்கிற சாமியைக் காப்பாற்றச் சொல்கிறான். அந்தப் பெண்கள் ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். துரத்தி வந்தவர்கள் நெருங்கியதும் அவரைக் கிடத்தி வெள்ளைத் துணி போர்த்தி ஒப்பாரி வைக்கிறார்கள். என்ன என்று கேட்டால், வைசூரியில் செத்துப்போன பிள்ளை என்கிறார்கள். அம்மை என்ற சொல்லைக் கேட்டதும் வந்தவர்கள் ஓடிவிட்டார்கள்.

இதை எழுதி வைத்தது நம் ஆள் இல்லை. எதிர்ப்படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி. 1830இல் லண்டனில் வெளிவந்த தன் ராணுவ நினைவுப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார், அதுவும் ஊமைத்துரை மேல் மரியாதையோடு. எந்த சீரியல் எழுத்தாளருக்கு இப்படி ஒரு காட்சி கற்பனையில் வரும்? செத்துக்கொண்டிருக்கும் மகனை விட்டுவிட்டு இன்னொருவனைத் தூக்கிப் போன தாய்க்கு வரலாற்றில் பெயர் இல்லை. சீரியலில் கிராபிக்ஸ் யானைக்கு இருக்கிற இடம் அவளுக்கு இல்லை.

இங்கே சிலர், "அதுதான் முதலிலேயே கற்பனை என்று போர்டு போடுகிறார்களே" என்பார்கள். 1990இல் தூர்தர்ஷனில் சஞ்சய் கான் எடுத்த 'திப்பு சுல்தானின் வாள்' தொடர் வந்தது. நம் பாரமகால் 1792 வரை திப்பு கையில் இருந்த சீமை, பிறகு ரீடும் மன்றோவும் வந்து நிலம் அளந்த இடம். அதனால் ஹிந்தி புரியாவிட்டாலும் நம் பக்கம் ஆசையாகப் பார்த்தோம். எதிர்ப்பும் வழக்கும் வந்ததால், இது கித்வானி எழுதிய நாவல், வரலாறு என்று உரிமை கொண்டாடவில்லை என்ற பொருளில் அறிவிப்புப் போட்டார்கள். யார் படித்தார்கள்? திப்பு என்றதும் இன்றைக்கும் நம் வயதுக்காரர்கள் கண்ணில் நிற்பது அந்த நடிகர் முகம்தான். கட்டபொம்மனை வரையச் சொன்னால் பிள்ளைகள் சிவாஜியை வரைகிற மாதிரி. நம் ஊர் வியாதி மட்டும் இல்லை இது. ரஷ்யப் புரட்சியில் குளிர்கால அரண்மனையைப் பிடித்தது பத்தாண்டு கழித்து ஐசென்ஸ்டீன் எடுத்த படத்தில்தான் பிரம்மாண்டமாக நடந்தது. அந்தப் படத்தின் காட்சிகளையே நிஜப் புகைப்படம் என்று அச்சடித்தவர்கள் உண்டு. பிரெஞ்சுப் புரட்சியில் பாஸ்டில் சிறையை உடைத்தபோது உள்ளே இருந்தது ஏழே கைதிகள். ஏழு பேர்தான் என்று தெரிந்தால் பாஸ்டிலின் மதிப்பு குறைந்துவிடுமா என்ன? அத்தனை காலி அறைகளைப் பார்த்து ஒரு நகரமே ஏன் பயந்தது என்ற கேள்வி பிறக்கும், அவ்வளவுதான்.

மூன்றாவது குறை, கதையை எங்கே நிறுத்துகிறார்கள் என்பது. இதற்கு நம் ஊருக்கே வர வேண்டும்.

'கட்டபொம்மன்' எடுத்த அதே பி.ஆர். பந்துலு, அதே சிவாஜியை வைத்து, 1961இல் 'கப்பலோட்டிய தமிழன்' எடுத்தார். முந்தைய படத்துக்குத் துணை நின்ற ம.பொ.சி.யின் எழுத்துத்தான் இதற்கும் அடிப்படை. இரண்டே வருட இடைவெளி. முதல் படம் ஓடியது, இரண்டாவது படுத்தது. வரலாற்றுக்கு அதிகம் பக்கத்தில் நின்றது இரண்டாவதுதான் என்பது என் அபிப்பிராயம். வ.உ.சி.க்குத் தூக்குமேடை இல்லை. செக்கிழுத்து, கப்பல் கம்பெனி போய், வக்கீல் சன்னது போய், 1912 டிசம்பரில் வெளியே வரும்போது வரவேற்கக் கூட்டம் இல்லை. அந்த வெறுமையைப் படம் காட்டியது. ஜனங்களுக்கு அது வேண்டியிருக்கவில்லை. ஆகவே டிவிக்காரர்களை மட்டும் திட்டுவது நியாயமில்லை. நாம் எதற்கு டிக்கெட் வாங்கினோம், எந்தச் சேனலில் நிறுத்தினோம் என்பதும் இதில் சேர்த்தி.

அந்தப் படத்தில் டி.கே. சண்முகம் நடித்த பாத்திரம்தான் சுப்பிரமணிய சிவா. நம் பாப்பாரப்பட்டி சிவா. வத்தலக்குண்டில் 1884இல் பிறந்தவர். 1908 மார்ச்சில் வ.உ.சி.யோடு கைதானார். கைதுக்கு மறுநாள், மார்ச் 13, திருநெல்வேலி பற்றி எரிந்தது. போலீஸ் சுட்டதில் நான்கு பேர் செத்தார்கள். அந்த நான்கு பேரை எந்தப் படமும் ஞாபகம் வைக்கவில்லை. அந்தப் பெயரில்லாத கூட்டத்தைத் தேடிப் பிடித்து ஆ.இரா. வேங்கடாசலபதி 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' என்று புத்தகமே எழுதியிருக்கிறார், 2024இல் சாகித்திய அகாதமி விருதும் வாங்கியது. வாங்கிப் படியுங்கள்.

சிவாவுக்குக் கொடுத்த தண்டனை பத்து வருஷம், மேல்முறையீட்டில் ஆறாகக் குறைந்தது. சிறையில் தொழுநோய் கண்டது. 1912இல் வெளியே வந்தார். 'ஞானபாநு' பத்திரிகை நடத்தினார், புத்தகங்கள் எழுதினார். மறுபடியும் சிறைக்குப் போனார். நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறக் கூடாது என்றார்கள். நடந்தும் மாட்டு வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். கடைசியில் பாப்பாரப்பட்டிக்கு வந்து பாரதாசிரமம் அமைத்து, பாரதமாதாவுக்குக் கோயில் கட்ட நினைத்தார். 1923இல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். கோயில் எழும்புவதற்குள், 1925 ஜூலை 23ஆம் தேதி, நாற்பது வயதில் அங்கேயே இறந்தார்.

அவர் இறந்து நூறாண்டு நிறைவு 2025 ஜூலையில் வந்ததல்லவா? அப்போது என் பழைய மாணவி ஒருத்தி, இப்போது அவளும் ஒரு பள்ளியில் ஆசிரியை, சிவாவைப் பற்றிப் பதினைந்து நிமிட நாடகம் எழுதி என்னிடம் திருத்தித் தரக் கேட்டாள். நன்றாகவே எழுதியிருந்தாள். தூத்துக்குடி கூட்டம், கோரல் மில் வேலைநிறுத்தம், கைது எல்லாம் இருந்தன. கடைசிக் காட்சியில் போலீஸ் அடித்து சிவா மேடையிலேயே உயிர் விடுகிறார். நான் போன் செய்து, "ஏம்மா, தொழுநோயைக் காணோமே?" என்றேன். "டீச்சர், நானே முதலில் எழுதியிருந்தேன். பள்ளியில் வேண்டாம் என்றார்கள். பிள்ளைகள் பயப்படும், பெற்றோர் முகம் சுளிப்பார்கள், ஹீரோவை அப்படிக் காட்டினால் நன்றாக இருக்காது என்றார்கள்" என்றாள்.

அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை, நிர்ப்பந்தம் என்ன என்று எனக்கும் தெரியும். ஆனால் 1961இல், நோய் உருக்குலைத்த சிவாவைப் பெரிய திரையில் காட்டத் துணிந்தார்கள். அறுபது வருஷம் கழித்து, அவர் இறந்த மாவட்டத்திலேயே, ஒரு பள்ளி மேடையில் காட்ட முடியவில்லை. அந்த நோயை எடுத்துவிட்டால் சிவாவில் என்ன மிச்சம்? உணர்ச்சியாகப் பேசிக் கைதான இன்னொருவர், அவ்வளவுதான். ரயிலில் இடம் கொடுக்காத சர்க்காரை மாட்டு வண்டியில் போய் எதிர்த்தாரே, அங்கேதான் அவருடைய புரட்சி இருக்கிறது. கை விரலும் காலும் ஒத்துழைக்காத உடம்போடு வருஷக்கணக்கில் அதைச் செய்தார்.

இதை நான் வெறும் புத்தக நியாயமாகச் சொல்லவில்லை. எண்பதுகளில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தொழுநோய் ஆய்வாளர்கள் பள்ளிக்கு வந்து பிள்ளைகளின் முதுகிலும் கையிலும் உணர்ச்சியில்லாத தேமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நான்காம் வகுப்புப் பையன் ஒருவனுக்குக் கண்டுபிடித்தார்கள். மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று சொல்லியும், அடுத்த நாளிலிருந்து அவன் வரவில்லை. அவன் உட்கார்ந்த இடத்தில் மற்ற பிள்ளைகள் உட்காரவில்லை. நான் பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு சிவா கதையைச் சொன்னேன், நோயோடு சேர்த்து, நம் பக்கத்தில் இருக்கும் பாப்பாரப்பட்டியோடு சேர்த்து. கொஞ்ச நாளில் அவன் திரும்பி வந்தான். என் கதையால் வந்தான் என்று சொல்ல மாட்டேன், அந்த ஆய்வாளர் இரண்டு மூன்று முறை அவன் வீட்டுக்குப் போனார். ஆனால் வந்தவன் பக்கத்தில் ஒரு பெண் போய் உட்கார்ந்தாள். "சிவா சாமிக்கு வந்ததுதானே டீச்சர்" என்றாள். போலீஸ் அடித்துச் செத்த சிவாவை நான் சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணுக்கு அந்த வார்த்தை கிடைத்திருக்காது.

பாப்பாரப்பட்டி என்ற பெயரை வெளியூரில் சொல்லிப் பாருங்கள். வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்ட இடமா என்பார்கள். 2004 அக்டோபர் 18. மக்கள் தொலைக்காட்சியில் 'சந்தனக்காடு' என்று தொடர் வந்தது, சினிமாக்கள் வந்தன, வெளிநாட்டு ஓடிடியில் ஆவணத் தொடரும் வந்தது. வீரப்பன் யார் என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை, அதற்கு வேறொரு பதிவும் வேறொரு சண்டையும் வேண்டும். காடு, மீசை, துப்பாக்கி என்று கேமராவுக்குப் பிடித்ததெல்லாம் அங்கே இருந்தன. மாட்டு வண்டியில் போன நோயாளிக்கு, எனக்குத் தெரிந்து, ஒரு பழைய படத்தில் துணைப் பாத்திரம்தான் கிடைத்திருக்கிறது. தூர்தர்ஷன் 2022இல் 75 வாரம் ஓடும்படி 'ஸ்வராஜ்' என்ற தொடரைத் தொடங்கி, தமிழிலும் டப் செய்து போட்டது. நல்ல முயற்சி. ஆனால் அதைப் பார்த்த என் பேத்தி சொன்னது, "எல்லாரும் ஒரே மாதிரி கத்துறாங்க பாட்டி." எட்டு வயதுப் பிள்ளையின் விமர்சனம். எனக்கு அதற்கு மேல் சேர்க்க ஒன்றும் இல்லை.

ஆகவே மருமகளுக்கு என் பதில். பையன் வசனத்தைப் பொய் என்று சொன்னதில் தப்பில்லை, ஆனால் அதோடு நிறுத்திவிட்டு உண்மையைத் தேடிப் போகாதது அரைவேலை. பெரியவர்கள் கோபப்பட்டதும் புரிகிறது, ஆனால் கட்டபொம்மனுக்கு நம் பாதுகாப்பு வேண்டியதில்லை. மனு எழுதி ஜெயித்தவர் அவர்.

என் மாணவர்களில் இரண்டு மூன்று பேர் சென்னையில் சீரியல், யூடியூப் வேலையில் இருக்கிறீர்கள் என்று தெரியும். உங்களிடம் ஒரு வேண்டுகோள். வசனத்தை எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள். ஆனால் ஒருவர் மேல் பழி போடும்போது இரண்டு புத்தகமாவது பாருங்கள். ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும் ஒரு நிமிடம் ஒதுக்கி, இதில் ஆவணத்தில் இருப்பது எது, நாங்கள் சேர்த்தது எது என்று சொல்லுங்கள். படிக்க முடியாத வேகத்தில் ஓடும் எழுத்தாக வேண்டாம், வாயால் சொல்லுங்கள். ஜனங்கள் சேனலை மாற்றிவிடுவார்கள் என்று பயப்படாதீர்கள். என் வகுப்பில் கடைசி பெஞ்சுகூட அந்த இடத்தில்தான் நிமிர்ந்து உட்காரும்.

வெல்ஷ் எழுதிய புத்தகம் பழையது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆங்கிலம்தான், ஆனால் கஷ்டமான ஆங்கிலம் இல்லை. அந்தத் தாயின் கதை வருகிற பக்கங்களைப் பள்ளி நாடகத்துக்கோ வேறு எதற்கோ தமிழில் வேண்டும் என்றால் நான் எழுதித் தருகிறேன். ஒப்பாரியும் சேர்த்து எழுதித் தருவேன், அது மட்டும் என் கற்பனையாக இருக்கும். இங்கேயே கமெண்டில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம்.